ஹைவெல்ட் வீட்டுக்கு எந்த இலையுதிர் மரம்? ஐந்து தென்னாப்பிரிக்க மரங்கள், ஓர் ஒப்பீடு

ஹைவெல்ட் எனப்படும் உயர்சமவெளியில், ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் தோட்டம் என்றதும் முதலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தேடுவார்கள். பிறகு முருங்கைக்கு ஆசைப்படுவார்கள். அதற்கு அப்புறம்தான் கஷ்டமான கேள்வி வரும்: நிழலுக்கு ஒரு பெரிய மரம் வேண்டும், அது இந்த மண்ணின் மரமாகவும் இருக்க வேண்டும், எதை வைப்பது? நர்சரியில் கேட்டால் நான்கைந்து பெயர் சொல்வார்கள், எல்லாமே நல்ல மரம் என்பார்கள். நல்ல மரங்கள்தான். ஆனால் 400 சதுர மீட்டர் மனைக்கும் 2000 சதுர மீட்டர் மனைக்கும் ஒரே மரம் பொருந்தாது.

தெருவெல்லாம் ஊதாப் பூவாய் நிற்கும் ஜகரண்டாவைப் பார்த்து அதையே வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தென் அமெரிக்க மரம். இங்கே அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. புதிதாக நட அது தேர்வே இல்லை.

## ஏன் இலையுதிர் மரம்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்பது ஒரு குறையாகத் தெரியும். வருஷம் முழுக்க நிழல் வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஹைவெல்டில் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மழை கிடையாது, வானம் பளிச்சென்று இருக்கும், இரவில் உறைபனி விழும். பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு இல்லை. ஜூன், ஜூலையில் வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வரும் வெயில்தான் இலவச ஹீட்டர். அங்கே பசுமை மாறாத மரத்தை வைத்தால் அந்த ஹீட்டரை நாமே அணைத்துவிடுகிறோம்.

இங்கே சூரியன் வடக்கில் இருக்கிறது என்பதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஜூன் நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 40 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். 10 மீட்டர் மரத்தின் நிழல் அப்போது ஏறக்குறைய 12 மீட்டர் நீளம் விழும். டிசம்பரிலோ நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். மரத்தின் நிழல் மரத்தடியிலேயே விழுந்துவிடும், சுவருக்கு வராது. கோடையில் வீட்டைச் சுட வைப்பது பிற்பகல் மேற்கு வெயில். ஆகவே ஒரே ஒரு இலையுதிர் மரத்துக்குத்தான் இடம் என்றால் அதை வீட்டின் மேற்கில் வையுங்கள். கோடைப் பிற்பகலில் மறைக்கும், குளிர்காலப் பிற்பகலில் வழிவிடும்.

கூரையில் சோலார் பேனல் போட்டவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலை இல்லாத கிளைகளும் நிழல் போடும். ஒரு பேனலில் விழும் கிளை நிழல் அதோடு தொடராக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடலாம். லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டுக்குப் பயந்து பேனல் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் கழித்து அதற்கு எதிரிலேயே மரத்தை வளர்த்துவிட்டு வெட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

பூவை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பூ சில வாரம்தான்; வேரும் முள்ளும் வருஷம் முழுக்க. நான் பார்ப்பது இவை: முதல் இரண்டு மூன்று குளிர்காலங்களில் உறைபனியைத் தாங்குமா, முழு உயரம் எவ்வளவு, வேர் சுவரையும் குழாயையும் பேவிங்கையும் என்ன செய்யும், மரத்திலிருந்து கீழே என்ன விழும், எவ்வளவு சீக்கிரம் நிழல் தரும், பறவை வருமா.

பிரிட்டோரியாவை அடுத்த சென்சூரியன் போன்ற டோலமைட் பாறைப் பகுதியில் இருப்பவர்களுக்கு வேர்தான் முதல் கேள்வி. அங்கே குழாய் உடைந்து மண்ணுக்குள் நீர் கசிந்தால் நிலமே உள்வாங்கிப் பள்ளம் விழக்கூடும். மற்ற ஊரில் பிளம்பர் செலவோடு முடிகிற விஷயம் அங்கே வீட்டையே பாதிக்கும்.

| மரம் | தோட்டத்தில் உயரம் | வேகம் | இளங்கன்று உறைபனியில் | சுவரிலிருந்து நான் விடச் சொல்லும் தூரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஒயிட் ஸ்டிங்க்வுட் | 10–15 மீ | வேகம் | தாங்கும் | 6 மீ | போலிக் கன்று |
| கோரல் ட்ரீ | 6–10 மீ | வேகம் | மூட வேண்டும் | 5 மீ | முள், நச்சு விதை, கிளை முறிவு |
| ரிவர் புஷ்வில்லோ | 8–12 மீ | மிக வேகம் | தாங்கும் | 7 மீ | பேவிங், காய்த் தூசு |
| ஃபீவர் ட்ரீ | 12–20 மீ | மிக வேகம் | கருகும் | 8–10 மீ | தண்ணீர், முள், நீச்சல்குளம் |
| பாம்பம் ட்ரீ | 3–6 மீ | வேகம் | ஓரளவு தாங்கும் | 2–3 மீ | அநேகமாக இல்லை |

## ஒயிட் ஸ்டிங்க்வுட்

தாவரவியல் பெயர் செல்டிஸ் ஆஃப்ரிகானா. இடம் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். வெளிர் சாம்பல் நிறத்தில் வழவழப்பான அடிமரம், அகன்று விரியும் தலை. ஆகஸ்ட் கடைசியில், மழை வருவதற்கு முன்பே, மரம் முழுக்க ஒரே நாளில் வந்ததுபோல் இளம்பச்சைத் துளிர் விடும். பூ கண்ணில் படாது. சிறிய பழுப்பு மஞ்சள் பழங்கள் பழுத்தால் கொண்டைக்குருவிகளும் பார்பெட் பறவைகளும் வந்து சேரும். உறைபனியையும் வறட்சியையும் தாங்கும். பெயரைப் பார்த்து நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். புதிதாக வெட்டிய பச்சைக் கட்டைக்குத்தான் அந்த வாடை, நிற்கிற மரத்துக்கு இல்லை.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறு. சீனாவிலிருந்து வந்த செல்டிஸ் சைனென்சிஸ் என்ற மரம் இதைப் போலவே இருக்கும். அது இங்கே ஆக்கிரமிப்பு மரம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கலப்பினக் கன்றுகளையும் உண்டாக்குகின்றன. நர்சரிகளில் தவறான பெயர்ச்சீட்டோடு சீன மரம் விற்கப்படுவது பலகாலப் பிரச்சினை. ஆப்பிரிக்க மரத்தை நட்டதாக நினைத்துக்கொண்டு, பறவைகள் மூலம் அயல் மரத்தை ஓடைக்கரைக்கெல்லாம் பரப்புகிறவர்களாகிவிடுவோம். இதில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் உண்டு, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு மரம் நடுகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது.

வாங்கும்போது ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். நம் மரத்தின் இலை மெல்லியது, வெளிர் பச்சை, மெல்லிய ரோமம் இருக்கும். விளிம்புப் பற்கள் இலையின் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இறங்கும். சீன மரத்தின் இலை தடிப்பாக, தோல் மாதிரி, மினுமினுப்பான கரும்பச்சையாக இருக்கும். பற்கள் மேல் பாதியோடு நின்றுவிடும். காய் இருக்கிற மரமென்றால் சந்தேகமே வேண்டாம்: ஆப்பிரிக்க மரத்தின் பழம் மெல்லிய நீண்ட காம்பில் தொங்கும், சீன மரத்தின் காம்பு குட்டை, தடிமன். இலை கொட்டிய ஜூலையில் வாங்கினால் இதில் எதையும் பார்க்க முடியாது. அக்டோபர் வரை பொறுத்து வாங்குங்கள்.

யாருக்கு ஏற்றது: 800 சதுர மீட்டருக்குக் குறையாத மனை, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார நினைக்கிறவர்கள். யாருக்கு வேண்டாம்: சுவரை ஒட்டி மூன்று மீட்டர் மண் மட்டும் உள்ள டவுன்ஹவுஸ்காரர்கள்.

## கோரல் ட்ரீ

எரித்ரினா லைசிஸ்டெமான். நம்மூர்க் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம். மூன்று சிற்றிலை, தண்டு முழுக்க முள், இலையில்லாத கிளை நுனியில் செக்கச்சிவந்த பூங்கொத்து என்று எல்லாம் அப்படியே. ஊரில் கிளையை வெட்டி வேலிக்கு நடுவதைப் போல இங்கேயும் கிளையைப் போத்தாக நட்டே உயிர்வேலி போட்டிருக்கிறார்கள். ஜூலு மக்களிடம் தலைவர்களின் கல்லறையில் இதை நடும் வழக்கம் உண்டு. உம்சின்சி என்பார்கள்.

குளிர் முடியும் ஆகஸ்ட், செப்டம்பரில் தோட்டமே காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் பூத்து நிற்கும். தேன்சிட்டுகளுக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் பெரிய விருந்து இதுதான். பறவைக்காக மரம் வைக்கிறவர் என்றால் பட்டியலின் மற்ற நான்கையும் விட்டுவிட்டு இதை வைக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் சில குளிர்காலங்களில் உறைபனி நுனிகளைக் கருக்கிவிடும். பிரிட்டோரியாவில் பிழைக்கிற கன்று ஜோஹன்னஸ்பர்க்கின் தாழ்வான, ஓடையோரப் பகுதிகளில் தடுமாறும், குளிர்காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். மரம் மென்மையானது, கோடை இடிமழையோடு வரும் காற்றில் கிளை முறியும், அதனால் கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் வளர விடக்கூடாது. காய் வெடித்தால் உள்ளே குன்றிமணி போலச் சிவப்பு விதைகள், ஒரு கரும்புள்ளியோடு. அதிர்ஷ்ட விதை என்று பிள்ளைகள் பொறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த விதையில் நச்சு இருக்கிறது. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றக்கூடும். கடித்து நொறுக்கினால் ஆபத்து. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த மரத்தைச் சில வருஷம் தள்ளிப்போடலாம்.

இன்னொன்று, ஷாட் ஹோல் போரர் என்னும் சின்ன வண்டு. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, நீளம் 2 மில்லிமீட்டர்தான். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தைத் துளைத்து உள்ளே ஒரு பூஞ்சையை வளர்க்கும். அந்தப் பூஞ்சை நீரோட்டத்தை அடைத்து மரத்தைக் கொல்லும். ஜோஹன்னஸ்பர்க்கில் ஏராளமான பிளேன், மேப்பிள் மரங்கள் இதற்கு இரையாகியிருக்கின்றன. கோரல் ட்ரீயின் கடலோர உறவான எரித்ரினா அஃப்ராவில் (பழைய பெயர் காஃப்ரா) இந்த வண்டு இனப்பெருக்கமே செய்கிறது. ஆகவே கோரல் குடும்பத்தில் எதை வைத்தாலும் அடிமரத்தில் பேனா முனையளவு ஓட்டைகள் தெரிகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். வெளியிலிருந்து விறகு வாங்கி வந்து தோட்டத்தில் அடுக்காதீர்கள், வண்டு பரவுவது அப்படித்தான்.

## ரிவர் புஷ்வில்லோ

ஆற்றங்கரை மரம், காம்ப்ரிட்டம் எரித்ரோஃபில்லம். நம் மருதமரத்தின் குடும்பம்தான். மருதங்காய்க்கு ஐந்து சிறகு, இதன் காய்க்கு நான்கு. உறைபனி, வறட்சி, தேங்கும் நீர் எல்லாவற்றையும் சமாளிக்கும். சீக்கிரம் நிழல் வேண்டும், கன்றைத் தாலாட்ட நேரமில்லை என்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான மரம் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் இலை மஞ்சளும் சிவப்புமாக மாறும் அழகு தனி.

ஆனால் வேர் பலமானது. பேவிங் கல்லைத் தூக்கும். டிரைவ்வே ஓரத்தில் வைத்தவர்கள் கல்லைப் பெயர்த்து மறுபடி போடும் செலவைத் தாங்களே சுமக்க வேண்டியதுதான். காய்ந்த சிறகுக் காய்கள் குளிர்காலம் முழுக்க உதிரும். அதைப் பெருக்கும்போது எழும் நுண்தூசு தொண்டையை அரித்து இருமல் வரவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. மனையின் பின்கோடியில், தாழ்வாக ஈரம் நிற்கும் மூலை ஒன்று இருந்தால் அது இந்த மரத்துக்கென்றே உள்ள இடம்.

## ஃபீவர் ட்ரீ

இப்போது அலுவலக வளாகங்களிலும் எஸ்டேட் எனப்படும் புதிய குடியிருப்பு வளாகங்களிலும் வரிசை வரிசையாக நிற்பது இதுதான். அடிமரத்தின் மஞ்சள் பச்சை நிறம் வேறு மரங்களில் எளிதில் பார்க்கக் கிடைக்காது. விரலால் தேய்த்தால் மஞ்சள் மாவு ஒட்டும், அடியில் பச்சைப் பட்டை தெரியும். அந்தப் பட்டையே ஒளிச்சேர்க்கை செய்கிறது. சதுப்பு நிலத்தோரம் வளர்வதால், அங்கே தங்கிய ஐரோப்பியர்கள் தங்களுக்கு வந்த மலேரியாவை மரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். கொசுவின் குற்றம் அது.

நம் கருவேல மரத்தின் இனம் இது. பழைய நர்சரிச் சீட்டில் அகேசியா என்றும் புதியதில் வாசெல்லியா என்றும் இருக்கும், இரண்டும் ஒரே மரம்தான்.

வீட்டுத் தோட்டத்துக்கு, அதுவும் சிறிய தோட்டத்துக்கு, நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. மலிவாகக் கிடைக்கும், கண்ணெதிரே வளரும், அதுதான் வலை. நீண்ட வெள்ளை முட்கள் புல்தரையில் விழுந்து வெறுங்காலில் ஏறும். பொடி இலைகள் கூரைக் கால்வாயையும் நீச்சல்குள ஃபில்டரையும் அடைக்கும். தண்ணீரும் நிறைய வேண்டும், ஹைவெல்டின் தண்ணீர்க் கட்டுப்பாட்டுக் காலங்களில் அது தலைவலி. இளங்கன்று கடும் உறைபனியில் கருகும். பெரிதான பிறகு வெட்டவேண்டி வந்தால், சுவர்களுக்கு நடுவே நிற்கும் 15 மீட்டர் முள்மரத்தை இறக்க ஆள் வைப்பது கன்று வாங்கிய விலையோடு ஒப்பிடக்கூடிய செலவே அல்ல. ஏக்கர் கணக்கில் இடமும் ஒரு குளமும் இருந்தால் மூன்றாகச் சேர்த்து நடுங்கள். அழகாக இருக்கும்.

## பாம்பம் ட்ரீ

டாய்ஸ் கோட்டினிஃபோலியா. சிறிய மனைக்கு என் பதில் இதுதான், தயக்கமே இல்லை. நவம்பர், டிசம்பரில் மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூப்பந்துகள். கன்று வைத்து இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கத் தொடங்கிவிடும். வேர் தொல்லை தராது. குளிர் அதிகமான இடத்தில் முழுக்க இலை கொட்டும். டர்பனில் பாதி இலையோடு நிற்கும்.

பட்டை அபாரமான நாருடையது. ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள், ஒடியாது. பட்டை நீளமாக உரிந்து கையோடு வரும். இங்குள்ள மக்கள் கயிறாகவும் நூலாகவும் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தோட்டக்காரருக்கு இதனால் ஒரு பாடம் உண்டு: கிளையைக் கையால் ஒடிக்கக் கூடாது, கூரான கத்தரிக்கோல் வேண்டும்.

குறை என்று தேடினால், வாடிய பூப்பந்துகள் பழுப்பாகச் சில காலம் மரத்திலேயே இருக்கும். பெரிய நிழலையும் எதிர்பார்க்க முடியாது. ஒரு நாற்காலிக்கும் ஒரு பெஞ்சுக்கும் போதும், ஒரு குடும்பம் உட்கார்ந்து பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும் விருந்து) போடப் போதாது.

## உங்கள் நிலைமை எது

டவுன்ஹவுஸ், எஸ்டேட் என்றால் முதலில் குடியிருப்போர் சங்கத்தின் விதியைப் படியுங்கள். பல இடங்களில் அனுமதிக்கப்பட்ட மரப் பட்டியலே இருக்கும். அப்புறம் பாம்பம் ட்ரீ. ஊதாப் பூதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ட்ரீ விஸ்டீரியா என்ற பொலுசாந்தஸும் சுவரோரத்துக்குப் பயமில்லாத மரம். மெதுவாக வளரும், நட்ட இடத்திலிருந்து பெயர்த்தால் பிழைப்பது கஷ்டம், ஆகவே இடத்தை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொந்த மனை, மேற்கில் திறந்த இடம், சின்னப் பிள்ளைகள்: ஒயிட் ஸ்டிங்க்வுட். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பறவை பார்ப்பதில் ஆசை, உறைபனி குறைந்த மேட்டுப்பகுதி: கோரல் ட்ரீ. சென்சூரியன் டோலமைட் பகுதி: குழாய் எங்கே போகிறது என்று வீட்டு வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதிலிருந்து விலகிப் பாம்பம் அல்லது விஸ்டீரியா, புஷ்வில்லோவும் ஃபீவர் ட்ரீயும் வேண்டவே வேண்டாம்.

டர்பன்காரர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே உறைபனி இல்லை, குளிர்கால வெயிலுக்கு ஏங்கவும் வேண்டாம். இலையுதிர் மரம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பூவுக்காகவோ பறவைக்காகவோ மனம்போல் தேர்ந்தெடுக்கலாம்.

மருலா என்ற பழமரத்தை வைக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, பழம் பெண் மரத்தில் மட்டும்தான். இளங்கன்றுக்கு உறைபனி ஆகாது. அதோடு 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட மரம். ஒருநாள் வெட்ட நினைத்தால் உரிமம் வாங்க வேண்டும். லோவெல்ட் எனப்படும் தாழ்வான வெப்பப் பகுதியில் பண்ணை இருந்தால் தாராளமாக வையுங்கள்.

## வாங்குவதும் நடுவதும்

100 லிட்டர் பையில் வளர்ந்த பெரிய மரத்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். இந்த ஐந்துமே ஓரளவு வேகமாக வளர்பவை. 20 லிட்டர் பைக் கன்று சீக்கிரம் வேர் பிடித்துச் சில வருஷங்களில் வித்தியாசமே தெரியாமல் செய்துவிடும். பையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

உறைபனி கழிந்த செப்டம்பர் நல்ல மாதம். அந்த மாதத்தின் முதல் வாரம்தான் இந்நாட்டின் மர வாரமும். மழை தொடங்கும்வரை வாரம் இரண்டு முறை வேர் நனைய ஊற்றுங்கள். ஒயிட் ஸ்டிங்க்வுட் மட்டும் இலையைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் அக்டோபருக்குத் தள்ளினாலும் நஷ்டமில்லை. கோரல் கன்றுக்கு மே மாதம் பிறந்ததும் நான்கு குச்சி நட்டு, உறைபனித் துணியை இலையில் படாமல் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அது தொடுகிற இடமெல்லாம் கருகும். கருகிய நுனி தெரிந்தாலும் குளிர்காலத்திலேயே வெட்டிவிடாமல், செப்டம்பரில் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே வெட்டுங்கள்.